நாலு பின், மூன்று பிடிமானம்

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்குப் புது சிஸ்டம் போடப்போகும் நண்பன் கேட்டான்: "உன்கிட்ட இருக்கிற அதே ப்ராஸசரையே எடுக்கலாமாடா? விலை நல்லா இறங்கியிருக்கு." போனில் பதில் சொன்னால் திட்டத்தான் வரும். அதனால் எழுதுகிறேன்.

ப்ராஸசரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆறு கோர், 65 வாட். நாலு வருஷமாக முகூர்த்த மாதங்களில் ராப்பகலாக ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை, ஓடியிருக்கிறது. என் கோபமெல்லாம் அதே டப்பாவுக்குள் இலவசமாக வந்த, ப்ராஸசரின் சூட்டை இறக்கும் கூலர் மேல்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அதை மதர்போர்டோடு பிடித்து வைத்திருக்கும் நாலு பிளாஸ்டிக் பின் மேல்.

போன வைகாசியில் ஆரம்பித்தது. நாற்பது நிமிஷத்தில் முடிகிற ரெண்டர் ஒன்றரை மணி நேரம் இழுத்தது. ஃபேன் மாவு மில் மாதிரி கத்தியது. கோர் டெம்ப் என்ற சூடு காட்டும் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தால் 100 டிகிரி. இந்த ப்ராஸசர் சிப்புக்கு அதுதான் எல்லை. தொட்டதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கருகாமல் பிழைத்தது அந்தப் புத்தியால்தான்.

சர்வீஸ் கடையில் முதலில் தூசி என்றார்கள், ப்ளோயர் அடித்தார்கள். அப்புறம் சிப்புக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்டை மாற்றினார்கள். இரண்டே நாளில் மறுபடி 100. மூன்றாவது தடவை எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) மாற்றச் சொல்லிவிட்டு, "மதுரை வெயிலுக்கு எல்லா சிஸ்டமும் இப்படித்தான் சார்" என்றார்கள். வெயில் மேல் பழி போட்டதும் சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து சூடு ஏறும் வேகத்தைக் கவனித்தேன். பத்து, பதினைந்து நிமிஷத்தில் மெதுவாக ஏறினால் காற்றோட்டக் குறையாக இருக்கும்: தூசி, கேபினட் ஃபேன், அறைச் சூடு. எனக்கோ ரெண்டர் பட்டனைத் தட்டி ஐந்து எண்ணுவதற்குள் 45-லிருந்து 98. நிறுத்தினால் அதே வேகத்தில் இறங்கியது. சிப்பின் சூடு கூலரின் உலோகப் பகுதியான ஹீட்சிங்குக்குப் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம்.

கூலரைக் கழற்றியதும் கதை தெரிந்துவிட்டது. புதுப் பேஸ்ட் மூன்று மூலையில் மெலிதாக நசுங்கியிருந்தது. நான்காவது மூலையில் கெட்டிச் சட்னி மாதிரி வைத்தது வைத்தபடி. அந்த மூலைப் பின்னின் பிளந்த கால்களில் ஒன்று ஓட்டைக்குள் நுழையாமல் மடங்கிக் கிடந்தது. மேலிருந்து பார்த்தால் நாலும் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருக்கும். போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் எது விரிந்திருக்கிறது, எது நடிக்கிறது என்று தெரியும்.

நகத்தால் காலை நிமிர்த்தினேன். பழைய பேஸ்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்து, எதிரெதிர் மூலையாக அழுத்தினேன். 'டிக்' என்று கேட்கும் வரை அழுத்த வேண்டும். அதற்குள் போர்டு வளைகிற வளைவைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். நாலாவது டிக் கேட்டதும் ரெண்டர் போட்டேன்: 72. ஃபேன் இருக்கிற இடமே தெரியவில்லை. அன்றைக்கு அந்தச் சிப்பைக் கொஞ்சலாம் போல இருந்தது.

ஐந்து மாதம் கழித்துச் சிஸ்டத்தை மாடி அறைக்கு மாற்றினேன். அதே பின், அதே மூலை, மறுபடி 100. ஒருமுறை மடங்கிய பிளாஸ்டிக்குக்குப் பிடி போய்விடுகிறது. ஒரு ஸ்குரூ வைத்தால் என்ன குறைந்துவிடும் இவர்களுக்கு?

ஸ்குரூ வைத்த டவர் கூலர் வாங்கினால் தீர்ந்ததே என்பாய். வாங்கினேன். வேலை அற்புதம், 60-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் அதன் உயரம் 155 மில்லிமீட்டர். என் கேபினட்டில் 140-க்குத்தான் இடம். பக்கவாட்டுக் கதவு இப்போது பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. திறந்த பக்கம் வழியாகப் பல்லி ஒன்று வந்து போகிறது.

சிப்புக்குப் பத்துக்கு ஒன்பது தருவேன். வாங்கலாமா என்றால், வேண்டாம். நீ எப்படியும் வாங்கத்தான் போகிறாய். கேபினட்டை அளந்துவிட்டுக் கூப்பிடு.