பண்ணைக்குட்டையா, போரா?

ராமநாதபுரம் பக்கம் மானாவாரி மிளகாய் போடுகிறவர்கள், கையில் நாலு காசு சேர்ந்ததும் கேட்கிற கேள்வி இது: மழைநீரைத் தேக்க நிலத்தில் குட்டை வெட்டுவதா, ஆழ்துளைக் கிணறு (போர்) போடுவதா?

செலவு: போருக்கு அடிக்கணக்கில் காசு, தண்ணீர் வராவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டும். குட்டைக்கு ஜேசிபி வாடகைதான் பெரிது. மானியம் உண்டா என்று வேளாண் பொறியியல் துறையில் முதலில் விசாரியுங்கள்.

இடம்: போருக்கு ஒரு சாண் போதும். 30-க்கு 30 மீட்டர் குட்டை 22 சென்ட்டை எடுத்துக்கொள்ளும். சிறு விவசாயிக்கு இது வலிக்கும், மறுக்கவில்லை.

தண்ணீர்: ஒரு ஏக்கரில் 25 மி.மீ. மழை என்றால் சுமார் 1 லட்சம் லிட்டர். அதில் வழிந்தோடுவதைத்தான் குட்டை பிடித்து வைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பினால், பின்னால் செடி வாடும்போது ஓரிரு தண்ணீர் விடலாம். பல வருடம் அந்த ஒரு தண்ணீர்தான் விளைச்சலைக் காப்பாற்றுகிறது. போர், ஊற்று இருக்கும்வரை எப்போதும் தரும். ஆனால் இங்கே பல இடங்களில் உப்பு. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினால், பாத்தி காய்ந்ததும் வரப்போரம் வெள்ளையாகப் பூக்கும். தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த மண்ணை மீட்பது பெரும்பாடு.

பராமரிப்பு: போருக்கு மோட்டார், குட்டைக்குத் தூர்வாரல்.

கரிசல், களிமண் நிலம், ஒருபோகம் என்றால் குட்டையே என் தேர்வு. செம்மண்ணில் தண்ணீர் கீழே இறங்கிவிடும், தார்ப்பாய் விரிக்காமல் குட்டை வெட்டாதீர்கள். பக்கத்துக் கிணறுகளில் நல்ல தண்ணீர், தென்னை மாதிரி நீண்டகாலப் பயிர் என்றால் போர் போடலாம். அதன் அருகிலும் மழைநீர் இறங்க ஒரு குழி வெட்டிவிடுங்கள்.