வியன்னாவில் ஒயின் குடிக்க எந்த டிராம்: கிரின்ஸிங், நுஸ்பெர்க், ஷ்டாமர்ஸ்டார்ஃப்

வியன்னாவுக்குப் போகிறவர்கள் ஷ்னிட்ஸலையும் ஸாஹர் கேக்கையும் யாரும் சொல்லாமலே தேடிப் போய்ச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஒயினுக்குத்தான் வழி கேட்க வேண்டியிருக்கிறது. நகர எல்லைக்குள்ளேயே ஏறக்குறைய 600 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் இருக்கிற தலைநகரம் அது. தோட்டக்காரக் குடும்பங்கள் தாங்கள் எடுத்த ஒயினைத் தங்கள் வீட்டு முற்றத்திலேயே பெஞ்சு போட்டு விற்கும் இடங்களை ஹாய்ரிகர் என்பார்கள். பெரும்பாலானவை டிராம் பாதைகள் முடிகிற இடத்தில், ஊரின் ஓரத்தில் இருக்கின்றன. ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால் எந்த ஓரத்துக்குப் போவது? அங்கே குடியிருந்த காலத்தில் மூன்று பக்கமும் போய்ப் பார்த்ததில் என் ஓட்டு 31ஆம் எண் டிராமுக்கு, அதாவது ஷ்டாமர்ஸ்டார்ஃபுக்கு. ஒயினின் தரத்தை மட்டும் வைத்துச் சொல்லும் முடிவு அல்ல இது. எதை வைத்து என்பதற்கு வருகிறேன்.

கிரின்ஸிங்கைப் பற்றி எல்லா வழிகாட்டிப் புத்தகங்களும் பேசுவதால் சுருக்கமாக முடித்துவிடலாம். ஷொட்டன்டோரிலிருந்து 38ஆம் எண் டிராம், அரை மணிக்கும் குறைவான பயணம். அழகான ஊர், சந்தேகமில்லை. சுற்றுலாப் பேருந்துகளும் அங்கேதான் வந்து நிற்கும். வாசலில் ஹாய்ரிகர் என்று எழுதியிருக்கும் பல இடங்கள் நடைமுறையில் முழுநேர உணவகங்கள்: பீர் உண்டு, காபி உண்டு, ஆங்கில மெனு உண்டு. வயலினும் அக்கார்டியனும் மேசைக்கே வந்து வாசிக்கும். வாசித்து முடித்ததும் கையில் ஏதாவது வைக்க வேண்டும். இதெல்லாம் குறை என்று நினைக்காதவர்களும், வயதானவர்களையும் சின்னக் குழந்தைகளையும் கூட்டிப் போகிறவர்களும் தயங்காமல் கிரின்ஸிங் போகலாம். அங்கிருந்து 38ஏ பேருந்து 484 மீட்டர் உயரக் காலன்பெர்க் மலைக்கு ஏறுகிறது. மேலே போய் நகரத்தைப் பார்த்துவிட்டு இறங்கும் வழியில் சாப்பிடுவது என்று திட்டம் போட்டால் இதைவிட வசதியான இடம் இல்லை.

நுஸ்பெர்க்தான் உண்மையான போட்டியாளர். ஒயின் ஒன்றுதான் முக்கியம் என்றால் போட்டியே இல்லை, அதுதான் ஜெயிக்கும். டானூப் நதியைப் பார்த்துச் சரியும் அந்த மலையின் மண்ணில் சிப்பிச் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. அங்கே விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினுக்கும், பல திராட்சை வகைகள் கலந்த கெமிஷ்டர் ஸாட்ஸுக்கும் இறுக்கமும் நீளமும் உண்டு, அதாவது சுவை நாக்கில் நெடுநேரம் தங்கும். எதிர்க்கரையில், ஷ்டாமர்ஸ்டார்ஃபை ஒட்டிய பிசாம்பெர்க்கில் வண்டல் போன்ற லோயஸ் மண். ஒயின் கொஞ்சம் மிருதுவாக, பல வருஷம் வைத்திருக்காமல் குடிக்கத் தோதாக வரும். நுஸ்பெர்க்குக்கு டி டிராமில் கடைசி நிறுத்தமான நுஸ்டார்ஃப் வரை போய், அங்கிருந்து தோட்டங்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். மேலே கொடிகளுக்கு நடுவே சாய்வு நாற்காலி, கையில் ஒயின், கீழே முழு நகரம். படத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

ஆனால் அந்தத் தோட்டத்துக் கடைகளில் பெரும்பாலானவை நல்ல வானிலை உள்ள நாட்களில், அதுவும் முக்கியமாக வார இறுதியில்தான் திறக்கும். மழை தூறினால் மூடிவிடுவார்கள். முக்கால் மணி நேரம் ஏறி வந்தவருக்குப் பக்கத்தில் ஒதுங்க வேறு கடை இருக்காது. இங்கேதான் என் முக்கியமான வாதம் தொடங்குகிறது.

உண்மையான ஹாய்ரிகர் எப்போதும் திறந்திருக்கும் கடை அல்ல. 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப், தோட்டக்காரர்கள் தங்கள் சொந்த விளைச்சலைத் தாங்களே விற்கலாம் என்று அனுமதி கொடுத்ததிலிருந்து வரும் பழக்கம் இது. விற்பவர்தான் கொடி வெட்டுகிறவர், மருந்து அடிக்கிறவர், அறுவடை செய்கிறவர். அந்த வேலைகள் இருக்கும்போது கடையை நடத்த ஆள் கிடையாது. அதனால் சில வீடுகள் இரண்டு மூன்று வாரம் திறந்து, அடுத்த சில வாரம் மூடும். சில வீடுகள் வியாழன் முதல் ஞாயிறு வரை மட்டும். குளிர்காலத்தில் பலர் மாதக்கணக்கில் கதவைத் திறப்பதில்லை. திறந்திருந்தால் வாசலில் பைன் மரக் கொத்து ஒன்று தொங்கும், கூடவே 'அவுஸ்க்ஷ்டெக்ட்' என்ற பலகையும் இருக்கும். கொத்து இல்லையென்றால் கதவைத் தட்டிப் பயனில்லை.

கிரின்ஸிங் இந்தப் பிரச்சினையைத் தீர்த்த வழி, ஹாய்ரிகரை உணவகமாக்கிவிட்டது. நுஸ்பெர்க் தீர்க்கவேயில்லை. ஷ்டாமர்ஸ்டார்ஃபில் இது பிரச்சினையாகவே தெரியாததற்குக் காரணம் நெருக்கம். ஷ்டாமர்ஸ்டார்ஃபர் ஷ்ட்ராஸ என்ற ஒரே தெருவில் வரிசையாக ஒயின் வீடுகள். அதற்கு மேலே பிசாம்பெர்க்கை நோக்கி ஏறும் கெல்லர்காஸ என்ற சந்தின் இரு பக்கமும் பழைய ஒயின் நிலவறைகள், அவற்றிலும் பல வீடுகள் மேசை போடுகின்றன. மனதில் வைத்துப் போன வீடு பூட்டியிருந்தால் தெருவில் இன்னும் கொஞ்சம் நடந்தால் போதும், அடுத்த பைன் கொத்து கண்ணில் படும். மழை வந்தாலும் கவலையில்லை: தெருவோர வீடுகளில் முற்றம் மட்டுமல்ல, மரப் பலகை அடித்த உள்ளறைகளும் உண்டு. நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிட நேரமில்லாத பயணிக்கு இந்த ஒரு வசதி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. இதற்கும் விதிவிலக்கு உண்டு. ஜனவரி, பிப்ரவரியில், அதுவும் திங்கள், செவ்வாயில் போனால் ஷ்டாமர்ஸ்டார்ஃபும் கைவிடலாம். அந்த மாதங்களில் போகிறவர்கள் புறப்படும் முன் இரண்டு வீடுகளின் இணையதளத்தையாவது பார்த்துவிடுங்கள். மற்ற மாதங்களில் வெள்ளி மாலையோ சனி மதியமோ கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

போகும் வழி எளிது. ஷொட்டன்ரிங்கில் 31ஆம் எண் டிராம் ஏறி, டானூபைத் தாண்டி, கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவசரமென்றால் யூ6 மெட்ரோவில் ஃப்ளோரிட்ஸ்டார்ஃப் வரை வந்து அங்கே 31 பிடிக்கலாம். எல்லாம் நகர டிக்கெட்டுக்குள் அடக்கம். தனி டிக்கெட் வேண்டாம். கார் எடுக்கவே வேண்டாம்: ஆஸ்திரியாவில் இரத்தத்தில் மது அளவின் வரம்பு 0.5 புரோமில் (ஆயிரத்தில் அரைப் பங்கு), இரண்டு கிளாஸ் ஒயினிலேயே பலர் அதைத் தொட்டுவிடுவார்கள். நடக்க ஆசையுள்ளவர்கள் மதியமே வந்துவிடுங்கள். நகராட்சியின் 5ஆம் எண் நடைபாதை டிராம் நிறுத்தத்திலேயே தொடங்கி பிசாம்பெர்க்கைச் சுற்றி வருகிறது. அதை முடித்து கெல்லர்காஸ வழியாக இறங்கினால் பசியும் தாகமும் சரியான இடத்தில் வந்து சேரும்.

உள்ளே நுழைந்ததும் புதியவர்கள் குழம்புவது பணம் கட்டும் முறையில். சாப்பாட்டை உள்ளே இருக்கும் கவுன்டரில் நீங்களே போய் வாங்கி அங்கேயே பணம் கட்ட வேண்டும். ஒயினும் சோடாவும் மேசைக்கு வரும். அதற்குத் தனி பில், கிளம்பும்போது. பரிமாறியவருக்குப் பத்து சதவீதம் போல் சேர்த்து, மொத்தத் தொகையை வாயால் சொல்லிக் கொடுப்பது வழக்கம். மேசையில் சில்லறையை விட்டுவிட்டு எழுந்து போவதில்லை. கார்டு வாங்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன, சின்ன யூரோ நோட்டுகள் வைத்திருப்பது நல்லது.

கவுன்டரில் இறைச்சியும் சீஸும் எடைக்கு விற்கும். அளவு 'டெகா'வில் பேசப்படும். ஒரு டெகா 10 கிராம். 'ஒரு துண்டு' என்று கையைக் காட்டினால் 300 கிராம் பன்றி வறுவல் தட்டில் விழும், அதற்குத் தகுந்த பில்லும் வரும். 'பதினைந்து டெகா' என்று சொல்லிப் பழகுங்கள். இருவருக்கு நான் சொல்லும் தட்டு: உப்பில் ஊறவைத்து வறுத்த பன்றி இறைச்சியான ஸுர்பிராட்டன் 15 டெகா, லிப்டவர் 10 டெகா, உருளைக்கிழங்கு ஸாலட் ஒரு கிண்ணம், புளிப்பு வெள்ளரி இரண்டு, ரொட்டி. போதாவிட்டால் திரும்பப் போய் வாங்கிக்கொள்ளலாம். லிப்டவர் என்பது புதுப் பாலாடைக்கட்டியில் மிளகாய்ப் பொடி, சீமைச் சோம்பு, வெங்காயம் எல்லாம் பிசைந்து ரொட்டியில் தடவும் பதார்த்தம். நம் நாக்குக்கு அந்தக் கவுன்டரிலேயே மிக நெருக்கமானது அதுதான்.

சைவம் சாப்பிடுகிறவர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் ஒரு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். வியன்னா உருளைக்கிழங்கு ஸாலட்டில் மயோனைஸ் இருக்காது. அதன் வழவழப்பு பல சமையலறைகளில் மாட்டு எலும்பு சூப்பிலிருந்து வருகிறது. பார்த்தால் தெரியவே தெரியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். முட்டைக்கோஸ் ஸாலட்டில் பன்றிக் கொழுப்புத் துணுக்குகள் இருக்கக்கூடும். வெள்ளையாக ரொட்டியில் தடவி வெங்காயம் தூவி வைத்திருப்பது வெண்ணெய் அல்ல, பன்றி நெய். கறுப்பாக இருக்கும் ப்ளுன்ட்ஸன் இரத்த ஸாஸேஜ். பயமின்றிச் சாப்பிட சீஸ், அவித்த முட்டை, பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய இனிப்பான டோஃபன் ஷ்ட்ரூடல் இருக்கின்றன. லிப்டவரில் சில வீடுகளில் நெத்திலி சேர்ப்பதுண்டு, அதையும் கேட்டுவிடுங்கள். 'புஷன்ஷாங்க்' என்ற உரிமத்தில் நடக்கும் வீடுகளில் சட்டப்படி குளிர்ந்த உணவு மட்டும்தான் கிடைக்கும், பீரும் இருக்காது. சூடான வறுத்த கோழி வேண்டுமென்றால் உணவக உரிமமும் வைத்திருக்கும் வீட்டைத் தேட வேண்டும். தெருவில் இரண்டு வகையும் உண்டு.

குடிப்பதில் முதலிடம் கெமிஷ்டர் ஸாட்ஸுக்கு. பல வகைத் திராட்சைகளை ஒரே தோட்டத்தில் கலந்து நட்டு, ஒன்றாக அறுத்து, ஒன்றாகவே நொதிக்க வைக்கும் வெள்ளை ஒயின். தனித்தனியாகச் செய்து பிறகு கலப்பது இதில் சேராது. 2013 விளைச்சலிலிருந்து இதற்கு டிஏசி என்ற பாதுகாக்கப்பட்ட தகுதி இருக்கிறது: குறைந்தது மூன்று வகை வெள்ளைத் திராட்சை, எந்த வகையும் பாதிக்கு மேல் போகக் கூடாது, மூன்றாவது வகை பத்து சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கிளாஸ் அளவு இரண்டு: 'ஆக்டல்' 125 மில்லி, 'ஃபியர்டல்' 250 மில்லி. வெயில் நாளில் முதலில் பாதி ஒயின், பாதி சோடா கலந்த க்ஷ்பிரிட்ஸர் ஒன்று குடித்துத் தாகத்தைத் தணித்துவிட்டு, பிறகு ஆக்டலுக்கு மாறுவதுதான் உள்ளூர்க்காரர்களின் வேகம். தாகத்தோடு நேராக ஃபியர்டல் சொன்னால் மாலை சீக்கிரம் முடிந்துவிடும்.

நுஸ்பெர்க் ஒயினையும் விட மனமில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. ஷ்டாமர்ஸ்டார்ஃபைச் சேர்ந்த வீனிங்கர் பண்ணைக்கு பிசாம்பெர்க்கிலும் நுஸ்பெர்க்கிலும் தோட்டங்கள் உண்டு. இரு கரை ஒயின்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால் சுண்ணாம்புக்கும் லோயஸுக்கும் உள்ள வித்தியாசம் புத்தகம் படிக்காமலே பிடிபடும்.

செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்களுக்கு ஷ்டுர்ம் கிடைக்கும். இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் கலங்கலான திராட்சைச் சாறு; இனிப்பு, நுரை, ஜூஸ் மாதிரியே இறங்கும். மது அளவு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போவதால் முந்தாநாள் குடித்த கணக்கு இன்றைக்கு ஆகாது. வயிற்றிலும் அது சும்மா இருக்காது. இரண்டு ஆக்டலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. செப்டம்பர் கடைசியில் நகரமே தோட்டங்களுக்குள் நடக்கும் ஒயின் நடை வார இறுதி ஒன்று வரும். ஷ்ட்ரேபர்ஸ்டார்ஃபிலிருந்து ஷ்டாமர்ஸ்டார்ஃப் வரைக்கும் ஒரு பாதை உண்டு. கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த இரண்டு நாளைத் தவிர்த்துவிடலாம்.

நான்காவதாகத் தெற்கே மாவர் என்ற ஊரும் இருக்கிறது, 60ஆம் எண் டிராம். நல்ல தயாரிப்பாளர்கள் அங்கே உண்டு, வெளியூர்க்காரர்கள் கூட்டம் குறைவு. ஹீட்ஸிங் பக்கம், ஷோன்புருன் அரண்மனையை ஒட்டித் தங்குகிறவர்களுக்கு அதுதான் பக்கம். ஆனால் ஷ்டாமர்ஸ்டார்ஃப் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லாததால் அடித்துப் பேச மாட்டேன்.

குடித்தது பிடித்திருந்தால் போத்தலை அந்த வீட்டிலேயே வாங்குங்கள். மூடியின் மேல் சிவப்பு-வெள்ளை-சிவப்புப் பட்டை இருந்தால் அது அரசு பரிசோதனை முடிந்த தர ஒயின். ஷ்டுர்ம் போத்தலை மட்டும் ஊருக்கு எடுத்து வர நினைக்காதீர்கள்: வாயு வெளியேற வேண்டும் என்பதற்காக இறுக்கி மூடாமலே விற்கிறார்கள், படுக்க வைத்தால் பெட்டி முழுக்க ஒழுகும், இறுக்கி மூடினால் வெடிக்கும். இந்தியாவுக்குள் ஒரு பயணி வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். 750 மில்லி போத்தல் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர், சரியாக இருக்கும். மூன்றாவதை எடுத்தால் இரண்டேகால் ஆகிவிடும். அதை உங்களோடு வருகிறவர் பெட்டியில் வையுங்கள்.