கூடுதல் கிரெடிட்டுக்கு என்பிடெல்: தாராளமாகச் சேரலாம்

பட்டத்துக்கு வேண்டியதைத் தாண்டி ஹானர்ஸ் (சொந்தத் துறையில் கூடுதல் பாடங்கள்), மைனர் (வேறொரு துறையில் கூடுதல் பாடங்கள்) என்று யோசிக்கும் பொறியியல் மாணவர்களுக்கு ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல் (NPTEL) அருமையான வழி. 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கிடப்படும் பாட அலகு), 8 வாரத்துக்கு 2. பாடம் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். அசைன்மென்ட்டுக்கு 25, மையத்தில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். முறையே 10, 30 எடுத்தால்தான் சான்றிதழ். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்தான் கணக்கு, ஓரிரு வாரம் தவறினாலும் பாதகமில்லை.

பலர் சறுக்குவது வேறிடத்தில். பாடத்தில் சேர்ந்ததோடு நின்றுவிடுகிறார்கள். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கெடு தாண்டினால் அந்தப் பருவம் போச்சு! ஏற்கெனவே படித்த பாடத்தோடு பெரிதும் ஒத்துப்போனால் கல்லூரி கிரெடிட்டை மறுக்கலாம். பாடத்திட்டத்தைத் துறைத் தலைவரிடம் காட்டி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.