கர்னலில் நினைவகம் கேட்க மூன்று வழிகள்: நான் ஏன் மூன்றாவதற்கு வந்தேன்

பொழுதுபோக்காக எழுதிவரும் சிறிய கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாடியூல், அதாவது ஓடும்போதே இணைக்கும் நிரல் துண்டு, ஏற்றும் வசதியைச் சேர்க்கப் போனபோதுதான் இந்தத் தலைவலி தொடங்கியது. தரவுக்கு நினைவகம் ஒதுக்குவதில் யோசிக்க அதிகமில்லை. படிக்கலாம், எழுதலாம், அவ்வளவுதான். ஓடப்போகும் நிரலுக்கு இடம் ஒதுக்கும்போது நிலைமை வேறு. எழுதும் அனுமதியும் இயக்கும் அனுமதியும் நினைவகத்தின் ஒரே பக்கத்தில் (அனுமதி வைக்கக்கூடிய ஒரு துண்டு) சேர்ந்திருந்தால், கர்னலில் உள்ள சிறு ஓட்டையும் ஊடுருவ வருபவனுக்கு வாசலாகிவிடும். அந்த அனுமதியை யார், எப்போது சொல்வது? மூன்று விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

முதல் வழி, முதலில் இடத்தை வாங்கிப் பிறகு அனுமதியை மாற்றுவது. லினக்ஸ் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது: மாடியூல்_அல்லாக் இடம் தரும், வாங்கியவர் நிரலை எழுதி முடித்து, எழுதுவதைத் தடுக்கும் செட்_மெமரி_ஆர்ஓ, இயக்க அனுமதிக்கும் செட்_மெமரி_எக்ஸ் ஆகியவற்றை அழைக்க வேண்டும். பயனர் நிரல்களில் அனுமதியை மாற்றும் எம்ப்ரொடெக்ட் அழைப்பைப் பழகியவருக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. எனக்கும் ஒரே மாலையில் ஓடிவிட்டது.

இரண்டாவது, கேட்கும்போதே அனுமதி பிட்டுகளையும் கொடுப்பது. பார்க்க நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் ‘படி, இயக்கு’ என்று கேட்டு வாங்கிய இடத்தில் நிரலை எப்படி எழுதுவது? எழுதும் அனுமதியோடு வாங்கினால் மறுபடி முதல் வழிக்கே வந்து நிற்கிறோம். தவிர, பிட்டுகள் வன்பொருளுக்கு வன்பொருள் மாறுபடும். ரிஸ்க்-வி வகைச் செயலிகளில் படிக்கும் அனுமதி இல்லாமல் எழுதும் அனுமதியை மட்டும் பக்க அட்டவணையில் (எந்த முகவரி எந்தப் பக்கத்தை, எந்த அனுமதியோடு சுட்டுகிறது என்ற பட்டியல்) வைக்க முடியாது, இயக்கும் அனுமதியை மட்டும் வைக்கலாம். மேசைக்கணினிகளில் வழக்கமான எக்ஸ்86 செயலிகளின் சாதாரணப் பக்க அட்டவணையில் அதுவும் முடியாது. கர்னல் இயக்கக்கூடிய பக்கத்தை அது படிக்கவும் முடியும். இதையெல்லாம் மாடியூல் ஏற்றும் பகுதி ஏன் தெரிந்துவைத்திருக்க வேண்டும்? ஒரு வாரத்தில் இதைத் தூக்கிப் போட்டேன்.

மூன்றாவது, பயனை மட்டும் சொல்வது: ‘மாடியூல் நிரலுக்கு இவ்வளவு’, ‘கேபுரோப்புக்கு (ஓடும் கர்னலில் கண்காணிப்புப் புள்ளி வைக்கும் வசதி) இவ்வளவு’. அனுமதி என்ன, எந்த முகவரி எல்லைக்குள் வேண்டும் என்பதை ஒதுக்குபவரே முடிவு செய்வார். லினக்ஸ் 2024-இல் வந்த 6.10 பதிப்பில் எக்செக்மெம் என்ற பெயரில் இந்த வழிக்குத் திரும்பியது. மாடியூல், கேபுரோப், எஃப்டிரேஸ் (செயற்கூறு அழைப்புகளைத் தடம் பார்ப்பது), பிபிஎஃப் (கர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டுவது) என்று ஒவ்வொன்றுக்கும் தனி வகை. மாடியூல் வசதியே இல்லாமல் கட்டிய கர்னலிலும் கேபுரோப் வேலை செய்ய இது வழிவிட்டது. அதுவரை நிரலுக்கு இடம் வேண்டிய எல்லோரும் மாடியூல் வீட்டுத் திண்ணையில்தான் ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

இவை எதுவும் என்னை மாற்றவில்லை. மாற்றியது, நினைவகத்தைத் திருப்பித் தரும் கட்டம்.

அனுமதி நினைவகத்துக்கு உரியது அல்ல, அதைச் சுட்டும் முகவரிக்கு உரியது. என் கர்னலில், லினக்ஸின் 64 பிட் கர்னலில் உள்ளதுபோலவே, மொத்த ராமுக்கும் ஒரு நேரடி வரைவு உண்டு, அதாவது ராம் முழுவதையும் எட்டும் நிரந்தர முகவரி வரிசை. எனவே மாடியூல் பக்கம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகவரிகள். ஒன்றில் மட்டும் எழுதுவதைத் தடுப்பது, முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போடுவது. ஆகவே இரண்டையும் பூட்டினேன். மாடியூலை இறக்கியபோது முன்வாசலை மட்டும் அகற்றிவிட்டு, பக்கத்தைக் காலிப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். கொல்லைக் கதவு பூட்டியபடியே இருந்தது. அந்தப் பக்கம் வேறொருவர் கைக்குப் போனது. அவர் எழுத முயன்றதும் பக்கப் பிழை, பிழை எண் 3: பக்கம் இருக்கிறது, எழுத அனுமதி இல்லை. விழுந்தது கோப்புகளுக்கான தற்காலிகச் சேமிப்பில். இரண்டு இரவுகள் கோப்பு முறைமையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

லினக்ஸும் இந்தப் பள்ளத்தை அறிந்தே இருந்தது. விடுவிக்கும்போது அனுமதிகளைப் பழைய நிலைக்குத் திருப்பி, டிஎல்பியையும் (முகவரி விவரங்களைச் செயலி தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) துடைக்கச் சொல்லும் ஒரு கொடி (ஃப்ளாக்), 2019-இல் 5.2 பதிப்பில் வந்தது. ஆனால் அந்தக் கொடியை இடம் வாங்கியவர்தான் நினைவாக ஏற்ற வேண்டும். மூன்றாவது வழியில் மறக்க இடமே இல்லை. பூட்டியதும் ஒதுக்குபவர், திறப்பதும் அவரே.

பராமரிப்பில் இன்னொரு செலவும் உண்டு. நேரடி வரைவு 2 எம்பி பெரிய பக்கங்களால் ஆனது. அதில் ஒரு 4 கேபிக்கு மட்டும் அனுமதியை மாற்றினால், அது 512 துண்டுகளாக உடைய வேண்டும். உடைப்பது எளிது, ஒட்டுவது கடினம். லினக்ஸின் பிபிஎஃப் பகுதி 2022-இல், 5.18 பதிப்பில், சின்னஞ்சிறு நிரல்களை ஒரே இடத்தில் சேர்த்து அடுக்கத் தொடங்கியது இதனால்தான். ஒதுக்குபவருக்குப் பயன் தெரிந்தால் எல்லோருக்கும் சேர்த்து இதைச் செய்யலாம்: 2 எம்பியை ஒரே முறை பூட்டி, உள்ளிருந்து கிள்ளிக் கொடுப்பது. நிரலை எழுதத் தனியாக ஒரு ‘நிரப்பு’ அழைப்பு. அது வேறொரு தற்காலிக முகவரி வழியே எழுதிவிட்டு அந்த முகவரியை அழித்துவிடும்.

சுலபம் என்று சொல்ல மாட்டேன். லினக்ஸ் இதே அடுக்கும் ஏற்பாட்டை எக்செக்மெமில் கொண்டுவந்து, 6.13 வெளியாகும் தறுவாயில், 2025 ஜனவரியில், எக்ஸ்86-இல் அணைத்துவைக்க வேண்டி வந்தது. என் சோதனையும் கியூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் நான்கு மெய்நிகர் செயலிகளோடு நின்றுவிட்டது. எல்லாச் செயலிகளிலும் டிஎல்பியைத் துடைப்பதற்கு 64 செயலிகள் கொண்ட இயந்திரத்தில் எவ்வளவு ஆகும் என்று நான் அளந்ததில்லை. வேகத்தைப் பற்றி நான் சொல்வதைப் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கர்னலில் நிரலுக்கு இடம் கேட்பவர் ஒருவர் மட்டுமே என்றால் முதல் வழியே போதும். விடுவிக்கும்போது இரண்டு கதவுகளையும் பாருங்கள்.

மூன்றாவதில் எனக்கு ஒரே குறை, புதிதாக யார் வந்தாலும் வகைப் பட்டியலைத் திருத்த வேண்டியிருக்கிறது. மூன்று பெயர்களோடு தொடங்கினேன். போன மாதம் அவசரத்துக்கு ‘இதர’ என்று நான்காவதைச் சேர்த்தேன். இப்போது அதற்கு இரண்டு பேர் குடிவந்துவிட்டார்கள்.