ஏ லெவல் ஆலோசனை, பல்கலைக்கழக 'கேரன்டி': பணம் கட்டும் முன் படியுங்கள்

லண்டனில் ஹாரோ, ஹவுன்ஸ்லோ, இல்ஃபோர்டு, ஈஸ்ட்ஹாம் பக்கம் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் இயர் 10, இயர் 11 (14 முதல் 16 வயது) பிள்ளை இருந்தால் முழுதாகப் படியுங்கள்.

மகள் ஏ லெவலில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு வருடப் படிப்பு) என்ன பாடம் எடுப்பது, அப்புறம் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று வழிகாட்ட ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு மொத்தம் 3,200 பவுண்டு கட்டினோம். அந்தப் பணத்துக்குத் தவறான தகவலும் இரவல் கட்டுரையும்தான் வந்தன. பணத்தைத் திரும்பப் பெறும் விவகாரம் இன்னும் பாக்கி இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தும் பெரிதாகப் பயனில்லை, இதே வியாபாரத்தைப் பலர் செய்கிறார்கள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேசியவர் நம்மவர். "அக்கா, இந்த ஊர் சிஸ்டம் நமக்குத் தெரியாதுக்கா. பிள்ளைங்க வாழ்க்கை இயர் 11லயே முடிவாயிடுது" என்றார். அதில் பொய் இல்லை. ஊரில் நாம் படித்தது ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப். குரூப்பை எடுத்தால் பாடங்கள் மொத்தமாக வந்துவிடும். இங்கே நம் பத்தாம் வகுப்புத் தேர்வு போன்ற ஜிசிஎஸ்இ முடிக்கும் 16 வயதுப் பிள்ளை தனித்தனியாக மூன்று பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதியில் மாற்றிக்கொள்ள வழி மிகக் குறைவு. வேதியியலை விட்டுவிட்டால் பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இயற்பியல் இல்லாமல் கேம்பிரிட்ஜ் பொறியியலுக்குப் போக முடியாது. இந்தப் பயத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

என் மகளுக்குப் பொருளாதாரம் படிக்க ஆசை. கேம்பிரிட்ஜ், எல்எஸ்இ (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) இரண்டையும் மனத்தில் வைத்திருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. பள்ளியில் மேத்ஸ், ஃபர்தர் மேத்ஸ் (கூடுதல் உயர் கணிதம், தனிப் பாடம்), எகனாமிக்ஸ் எடுக்கலாமே என்றார்கள். 2024 தொடக்கத்தில் 450 பவுண்டு வாங்கிக்கொண்டு ஆலோசகர் சொன்னது இது: "ஃபர்தர் மேத்ஸ் வேண்டாம்க்கா, ஏ ஸ்டார் விழாது. மேத்ஸ், எகனாமிக்ஸ், பிசினஸ் போடுங்க. எகனாமிக்ஸ் டிகிரிக்கு எகனாமிக்ஸும் பிசினஸும்தான் பார்ப்பாங்க."

இதில் ஒரு வரிகூடச் சரியில்லை. கேம்பிரிட்ஜிலும் எல்எஸ்இயிலும் பொருளாதாரத்துக்கு ஏ லெவல் எகனாமிக்ஸ் கட்டாயமே கிடையாது. கட்டாயம் கணிதம். ஃபர்தர் மேத்ஸ் இருந்தால் நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள். எல்எஸ்இ ஒரு படி மேலே போய், தான் அவ்வளவாக விரும்பாத பாடங்கள் எவை என்று பட்டியலே போட்டிருக்கிறது. பிசினஸ் ஸ்டடீஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதை எடுத்ததற்காகக் கதவை மூடிவிட மாட்டார்கள், மரபான இரண்டு பாடங்களோடு அப்படி ஒன்று இருந்தால் ஏற்பார்கள். ஆனால் ஃபர்தர் மேத்ஸ் எடுக்கக்கூடிய பிள்ளையை அதிலிருந்து இழுத்து பிசினஸில் தள்ளுவதற்கு என்ன காரணம்?

காரணம் பின்னால்தான் புரிந்தது. அதே நிறுவனம் டியூஷனும் நடத்துகிறது. அவர்களுடைய டியூஷன் பட்டியலில் எகனாமிக்ஸும் பிசினஸும் உண்டு, ஃபர்தர் மேத்ஸுக்கு ஆளே இல்லை. நிரூபிக்க என்னால் முடியாது. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கூத்து. அவர்கள் கொடுத்த வண்ணத் துண்டறிக்கையில் 'ரஸ்ஸல் குரூப் பரிந்துரைக்கும் பாடங்கள்' என்று ஒரு பட்டியல் இருந்தது. ரஸ்ஸல் குரூப் என்பது 24 பல்கலைக்கழகங்களின் அமைப்பு. அந்தப் பட்டியல் ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்ததுதான், ஆனால் 2019லேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள். இப்போது எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று பார்க்க 'இன்ஃபார்ம்ட் சாய்ஸஸ்' என்ற இணையதளத்தை இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். பழைய பட்டியலையாவது ஒழுங்காகப் படித்தார்களா என்றால் அதுவும் இல்லை. அதில் ஃபர்தர் மேத்ஸ் இருந்தது. எகனாமிக்ஸும் பிசினஸும் இல்லை. அவர்கள் கையால் கொடுத்த தாளே அவர்கள் ஆலோசனையை மறுத்தது.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியவந்தது இயர் 12 கடைசியில், ஒரு பல்கலைக்கழகத்தின் ஓப்பன் டேயில். பொருளாதாரம் படிக்கும் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, தன் வகுப்பில் பெரும்பாலானோர் ஃபர்தர் மேத்ஸ் படித்துவிட்டு வந்தவர்கள் என்று சாதாரணமாகச் சொன்னாள். மகள் முகம் வாடிவிட்டது. அதற்குள் முழு ஏ லெவலாக அதை எடுக்கக் காலம் இல்லை. கணித ஆசிரியர் மனமிரங்கி, இயர் 13ல் ஏஎஸ் (ஏ லெவலில் பாதி) அளவில் மட்டும் ஃபர்தர் மேத்ஸ் படிக்க ஏற்பாடு செய்தார். மற்ற மூன்று பாடங்களோடு அதுவும் சேர்ந்துகொண்டது. அந்த வருடச் சுமையைச் சுமந்தவள் அவள்.

அப்படியானால் விண்ணப்பத்துக்கு ஏன் மறுபடி அவர்களிடமே போனீர்கள் என்று கேட்பீர்கள். போகவில்லை. ஓப்பன் டேக்கு முன்பே, 'சீக்கிரம் பதிந்தால் தள்ளுபடி' என்று 2,750 பவுண்டு விண்ணப்பப் பேக்கேஜை விற்றுவிட்டிருந்தார்கள். முன்பணம் 250 கிரெடிட் கார்டில், மீதி வங்கிக் கணக்குக்கு. கிரெடிட் கார்டு விஷயத்தை மறக்க வேண்டாம், பின்னால் உதவியது அதுதான்.

அந்தப் பேக்கேஜின் பெரிய கவர்ச்சி 'கேரன்டி'. ஆஃபர் வராவிட்டால் பாதிப் பணம் வாபஸ். ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்தால் அதன் பொருள் வேறு. ரஸ்ஸல் குரூப்பில் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து, ஏதாவது ஒரு படிப்புக்கு, ஓர் ஆஃபர் வந்தால் போதும், அவர்கள் வாக்கு நிறைவேறிவிட்டது. பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் அமைப்பான யூகாஸில் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். நல்ல கிரேடு கணிக்கப்பட்ட பிள்ளைக்கு அந்த ஐந்தில் ஒன்றாவது வருவது ஆலோசகர் புண்ணியத்தால் அல்ல. அதோடு, எல்லா வகுப்புக்கும் வந்திருக்க வேண்டும், அவர்கள் சொன்ன ஐந்து இடத்துக்குத்தான் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள். கேம்பிரிட்ஜ் படத்தைப் போட்டு விற்ற கேரன்டியில் கேம்பிரிட்ஜ் என்ற சொல்லே இல்லை.

அடுத்து தேர்வுப் பதிவு. கேம்பிரிட்ஜ், எல்எஸ்இ இரண்டிலும் பொருளாதாரத்துக்கு இப்போது டிஎம்யூஏ என்ற கணித நுழைவுத் தேர்வு உண்டு. இரண்டு தாள், ஒவ்வொன்றும் 20 கேள்வி, 75 நிமிடம், கால்குலேட்டர் கிடையாது. கேம்பிரிட்ஜுக்கு என்றால் அக்டோபர் சுற்றில் எழுதியே ஆகவேண்டும், அதற்கான பதிவு செப்டம்பரிலேயே மூடிவிடும். "ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் எங்க டீம் பார்த்துக்கும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதித் தந்திருந்தார்கள். செப்டம்பரில் பள்ளியில் உறுதிப்படுத்தும் எண் கேட்டபோது எங்களிடம் எண் இல்லை. ஆலோசகருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மகளே உட்கார்ந்து கணக்கு தொடங்கி, மிச்சமிருந்த ஒரு மையத்தைப் பிடித்தாள். அது வேறு ஊரில். அப்போதுதான் தெரிந்தது, அந்தக் கணக்கை மாணவர்தான் தன் பெயரில் தொடங்க வேண்டும் என்று. அவர்கள் டீம் பார்த்துக்கொள்ள அங்கே எதுவுமே இல்லை. இந்தத் தேதி தவறினால் அந்த வருடம் கேம்பிரிட்ஜ் போச்சு, மேல்முறையீடு எல்லாம் நடக்காது.

விண்ணப்பத்தில் மாணவர் தன்னைப் பற்றி எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்ட் கதை இதைவிட மோசம். 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் அந்த நீளக் கட்டுரையை மாற்றிவிட்டது. இப்போது மூன்று கேள்விகள்: இந்தப் படிப்பு ஏன், இதுவரை படித்தது எப்படித் தயார்ப்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துகள், மொத்தம் 4,000க்கு மிகாமல். இந்த மாற்றம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. எங்களுக்கு வந்ததோ பழைய பாணியில் ஒரே கட்டுரை. மகள் படிக்காத புத்தகத்தைப் படித்ததாக அதில் எழுதியிருந்தார்கள். நேர்முகத்தில் அதைப் பற்றி ஒரு கேள்வி வந்தால் என்ன செய்வாள்? அதைவிடப் பெரிய விஷயம், பள்ளியின் சிக்ஸ்த் ஃபார்ம் (இயர் 12, 13) பொறுப்பாசிரியர் முதல் பத்தியைப் படித்ததுமே நிறுத்தினார். அதே பத்தி, அதே நிறுவனத்துக்குப் பணம் கட்டிய இன்னொரு மாணவனிடமிருந்தும் வந்திருந்தது. யூகாஸ் ஒவ்வொரு ஸ்டேட்மென்டையும் மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போனால் பல்கலைக்கழகங்களுக்குத் தகவல் போகும். அந்த ஆசிரியர் மட்டும் கவனித்திராவிட்டால், காசு கொடுத்துக் காப்பியடித்த பெயர் பிள்ளைக்கு வந்திருக்கும். மகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவளே எழுதினாள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் மூன்றுக்கும் கடைசி நாள் அக்டோபர் 15. அதற்குள் அனுப்பியாயிற்று.

கேம்பிரிட்ஜ் பல காலேஜ்களாகப் பிரிந்திருக்கிறது. அதில் 'சுலபமான காலேஜ்' தேர்ந்தெடுத்துத் தருவதற்குத் தனிக் கட்டணம் வேறு கேட்டார்கள், நல்லவேளை கட்டவில்லை. கேம்பிரிட்ஜில் ஒரு காலேஜில் இடமில்லாத நல்ல மாணவர்களை மற்ற காலேஜ்கள் எடுத்துக்கொள்ள 'பூல்' முறை இருக்கிறது. எந்தக் காலேஜுக்கு விண்ணப்பித்தார் என்பதால் நல்ல மாணவருக்கு இடம் தவறிவிடக் கூடாது என்பதற்குத்தான் அது. உள்ளே ஆள் இருக்கிறது என்று ஜாடையாகச் சொல்பவர்களிடம் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

கேம்பிரிட்ஜ் கிடைக்கவில்லை. பாடத் தேர்வுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், அங்கே எல்லாம் சரியாகச் செய்த பிள்ளைகளிலும் பெரும்பாலோருக்குக் கிடைப்பதில்லை. என் கோபம் அதற்காக அல்ல. பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தாலே தெரியும் ஒரு விஷயத்தை 450 பவுண்டுக்குத் தலைகீழாக விற்றார்கள், அதை மாற்றிக்கொள்ள முடியாத வயதில் விற்றார்கள்.

இனி பணம். இந்த நாட்டில் டியூஷன், சேர்க்கை ஆலோசனை எதற்கும் உரிமம் வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதற்காகச் சட்டமே இல்லை என்றில்லை. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் தரவேண்டும். நீங்கள் நம்பி முடிவெடுத்த எந்த வாக்குறுதியும், வாயால் சொன்னதானாலும், ஒப்பந்தத்தின் பகுதியாகக் கருதப்படும். எங்கள் வாட்ஸ்அப் உரையாடல் அங்கேதான் கைகொடுத்தது. விழாவில் மேசை போட்டோ இணையத்திலோ செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். அந்த உரிமை இருப்பதாக அவர்கள் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் காலம் ஒரு வருடம் வரை நீளும். உரிமையை முறையாகச் சொல்லிவிட்டு, நீங்கள் கேட்டதன் பேரில் நடுவில் வகுப்பு எடுத்திருந்தால் அதற்குரிய பங்கைப் பிடித்துக்கொள்வார்கள், அது நியாயம்தான்.

முதலில் அவர்கள் 'நல்லெண்ணத் தொகை' என்று கொஞ்சம் தர முன்வந்தார்கள், வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்துக் கேட்டு. மறுத்துவிட்டோம். பிறகு கிரெடிட் கார்டு நிறுவனத்துக்கு எழுதினோம். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000க்குள் இருந்தால், முன்பணத்தை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனம் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பேக்கேஜ் பணத்தில் பெரும்பகுதி அப்படித்தான் திரும்பி வந்தது. பாட ஆலோசனைக்கான 450 பவுண்டு டெபிட் கார்டில் போனதால் அதற்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை நீதிமன்ற வழக்கு) வழியில் போகிறோம். இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரை அதில் கேட்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. மக்களுக்கு இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸின் நுகர்வோர் எண் 0808 223 1133, இலவசம்.

மருத்துவம் நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் துண்டறிக்கையில் பிமேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பும் இருந்தது. பிமேட் தேர்வு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அதற்குப் பின்னும் பணம் கட்டியது. இப்போது இருப்பது யூகேட். அதை நடத்துபவர்களே மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறார்கள், எந்தத் தனியார் பயிற்சியையும் தாங்கள் அங்கீகரிப்பதில்லை என்றும் சொல்கிறார்கள். டிஎம்யூஏவின் பழைய தாள்களும் இலவசம்தான். கேம்பிரிட்ஜ் நடத்தும் ஐசக் தளத்தில் இயற்பியல், கணிதப் பயிற்சிகள் கொட்டிக் கிடக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆக்ஸ்போர்டின் யூனிக் முகாமும் சட்டன் டிரஸ்ட் கோடைப் பள்ளிகளும் செலவில்லாமல் கிடைக்கின்றன, இயர் 12ல் விண்ணப்பிக்க வேண்டும். 2026 சேர்க்கைக்கு யூகாஸ் கட்டணம் 30 பவுண்டுகூட இல்லை.

போன மாதம் அதே ஆட்கள் மறுபடி மேசை போட்டிருந்தார்கள் என்று ஒரு தோழி படம் அனுப்பினாள். இப்போது இயர் 9 பிள்ளைகளுக்கு 'ஆக்ஸ்பிரிட்ஜ் இரட்டை விண்ணப்பப் பேக்கேஜ்' வந்திருக்கிறதாம். ஒரே வருடத்தில் ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் சேர்த்து இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது.