புல்தரைக்குத் தாட்ச் எடுக்க ஆப்பில் ஆள் கூப்பிடுகிறவர்களுக்கு: ரூ. 14,800 போச்சு

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரூ. 14,800 போனது, கூடவே புல்லும் போனது.

ஓசூரில் எங்கள் வீட்டு முன்னால் 600 சதுர அடிக்குக் கொரியன் புல். சில வருடப் புல். கொஞ்ச நாளாக மிதித்தால் தேங்காய் நார் மெத்தை மாதிரி அமுங்கியது. தண்ணீர் விட்டால் மண்ணில் இறங்காமல் மேலாகவே ஓடிவிடும். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவில் செத்த தண்டும் வேரும் மக்காமல் சேர்ந்துகொண்டே போவதுதான் தாட்ச். அரை அங்குலம் வரை இருந்தால் பரவாயில்லை, அதைத் தாண்டினால்தான் தொல்லை. வெட்டிய புல்லைக் கூட்டி அள்ளாததால் வருகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அது இல்லை, அந்த நுனியெல்லாம் சீக்கிரம் மக்கிவிடும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் தண்டு வளரும் வேகத்துக்கு மக்கும் வேகம் ஈடுகொடுக்காது. முன்பு இருந்த தோட்டக்காரர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அது வேறு கதை.

சரி, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் பதிவு செய்தேன். பார்வையிட ஒருவர் வந்தார். கத்தியால் ஒரு துண்டு வெட்டி எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து காட்டினார். பழுப்பாக முக்கால் அங்குலத்துக்கு மேல் இருந்தது. "சார், இதை வாரியால் வாரக்கூடாது, வேரோடு வந்துரும். வெர்டிகட்டர் மெஷின்ல லேசா கீறி, மண்ணில் துளை போட்டு, சலித்த மணலும் மக்கிய எருவும் தூவணும்" என்றார். துண்டைத் திரும்ப அதே இடத்தில் வைத்து, காலால் அழுத்தித் தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போனார். இப்படி வேலை தெரிந்தவரை யார் சந்தேகப்படுவார்கள்? அங்கேயே ஆப்பில் ரூ. 14,800 முழுசாகக் கட்டினேன்.

வேலை நாளில் அவர் வரவில்லை. இரும்பு வாரியோடு இரண்டு பையன்கள் வந்தார்கள். "மெஷின் எங்கப்பா?" என்றால், "பின்னாடி வண்டியில வருது சார்." வேலையைத் தொடங்க ஓடிபி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். குறுஞ்செய்தியில் வெறும் எண்தான் இருந்தது. அது வேலை முடிந்ததற்கான ஓடிபி என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. மெஷின் கடைசி வரை வரவில்லை. எதை வாரக்கூடாது என்று அவர்களுடைய ஆளே சொன்னாரோ, அதையே வாரித் தள்ளினார்கள். நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் பாதித் தரை வெறும் மண். அதன் மேல் எம் சாண்டைக் கொட்டியிருந்தார்கள். எங்கேயோ கட்டட வேலையில் மிஞ்சியது போல, பாதிக்குப் பாதி கல்தூள். தண்ணீர் பட்டதும் இறுகிவிட்டது.

இதெல்லாம் தை மாதத்தில். இந்தப் புல் வெயிலில் வளரும் ஜாதி, ஓசூர் குளிரில் வளர்ச்சி நின்ற மாதிரி இருக்கும். அதிலும் கொரியன் புல் சாதாரண நாளிலேயே ஆமை வேகம். அப்போது காயப்படுத்தினால் எப்படி ஆறும்? ஸ்கேல் வைத்து அளந்தவருக்கு இது தெரியாதா?

போன் செய்தேன். "புல் தூங்குது சார், மார்ச்சில் எழுந்துரும்." தூங்குகிற புல்லை ஏன் ஐயா சுரண்டினீர்கள்? அடுத்து சாட்டில் கேட்டால், "நீங்களே ஓடிபி கொடுத்து வேலை முடிந்ததாக உறுதி செய்துள்ளீர்கள்." படம் அனுப்பினேன், டிக்கெட்டை மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்தேன். ரூ. 14,800 கேட்டவனுக்கு, அடுத்த பதிவில் கழித்துக்கொள்ள ரூ. 300 கூப்பன்! பார்வையிட்டவரைப் பிடித்தால், "நான் சர்வே மட்டும்தான் சார், வேலை வேற டீம்." இப்போது அவர் எண்ணும் எடுப்பதில்லை.

தாட்ச் எடுப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. குளிரில் கை வைக்க விடாதீர்கள், கோடை மழை விழுந்து புல் நன்றாகத் துளிர்க்கும்போதுதான் செய்ய வேண்டும். மெஷினைக் கண்ணால் பார்க்காமல் கேட்டைத் திறக்காதீர்கள். மணல் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள், கல்தூள் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். வேலை முடிகிற வரைக்கும் ஓடிபி வாயிலிருந்து வரக்கூடாது. முழுப் பணம் முன்னால் கேட்டால் வேறு ஆள் பாருங்கள். இதே மாதிரி மாட்டியவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள், நான் பதிந்துவிட்டேன். படங்களும் சாட்டும் பத்திரமாக இருக்கின்றன. ரூ. 14,800-ஐ விடுவதாக இல்லை.