ஆயில் பிரஷர் கேஜ்: ஒயர் நல்லதா, குழாய் நல்லதா?

வால்பாறை ரோட்டில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு, லோம்ஸ் வியூ. ஆழியாறு அணையைப் பார்த்து எல்லோரும் போட்டோ எடுக்கும் இடத்தில் நானும் மாமாவும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றோம்.

வண்டி மாமாவுடையது. 1966 எம்ஜிபி, இங்கிலாந்தின் அபிங்டனில் செய்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். எட்டு வளைவு வரை 55 பவுண்டில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்ற கணக்கு) நின்ற ஆயில் பிரஷர் முள், ஒன்பதாவதில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. மாமா அந்த நொடியே இன்ஜினை அணைத்தார். அதுதான் சரி, ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடினால் இன்ஜின் கெட்டுப்போகும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே, அவ்வளவுதான். அடியில் ஒழுகல் இல்லை. முள் விழுந்த சமயத்தில், ஆயில் எட்டாவிட்டால் இன்ஜின் மேல் பக்கம் தட்டும் டேப்பெட் சத்தமும் கேட்கவில்லை. கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் முள் 60-ல் நிற்கிறது. ஹெட்லைட்டைப் போட்டால் 40. ரேடியேட்டர் ஃபேனும் ஓட ஆரம்பித்தால் 25. இரண்டையும் அணைத்தால் மறுபடி 60.

துணிந்து ஓட்டவில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் இறக்கினோம். அதற்குக் கொடுத்த காசில் பத்து கேஜ் வாங்கியிருக்கலாம்.

பொள்ளாச்சியில் முதலில் பார்த்தவர் கேட்டதும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பேரிங் போயிருக்குமுங்க, சேம்பரை இறக்கிப் பாத்துரலாம்." சேம்பர் என்பது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி. ஹெட்லைட் சுவிட்சுக்கும் மெயின் பேரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. கோவை கணபதியில் பழைய வண்டி பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் சொன்னது வேறு: "முதல்ல கேஜ் சொல்றது நிசமா பொய்யான்னு பாருங்க தம்பி. இன்ஜினை அப்புறம் தொடலாம்."

இதே மாதிரி முள் ஆடும் வண்டி வைத்திருப்பவர்கள் முன்னால் மூன்று வழிகள்தான். எலக்ட்ரிக் கேஜையே வைத்துக்கொண்டு சென்சாரைப் புதிதாகப் போடலாம். எலக்ட்ரிக்கை ஒதுக்கிவிட்டு, இன்ஜினிலிருந்து ஆயிலையே குழாய் வழியாக டேஷ்போர்டுக்குக் கொண்டுவரும் மெக்கானிக்கல் கேஜ் போடலாம். கேஜே வேண்டாம் என்று சிவப்பு லைட்டை மட்டும் நம்பலாம். முதல் இரண்டையும் நாங்கள் செய்து பார்த்துவிட்டோம். நான் குழாய்க் கட்சி, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

லைட்டைப் பற்றி அதிகம் பேச எதுவுமில்லை. அது பெரும்பாலும் 10 பவுண்டுக்குக் கீழே போனால்தான் எரியும். வேகமாகப் போகையில் 50 இருக்க வேண்டிய இடத்தில் 20 இருந்தாலும் அணைந்தே கிடக்கும். கேஜோடு சேர்ந்து இருந்தால் நல்லது, தனியாகப் போதாது.

இனி எலக்ட்ரிக். இன்ஜினில் திருகியிருக்கும் சென்சாருக்குள் ஒரு மெல்லிய தகடு, அதன் மேல் ஒரு ரெசிஸ்டன்ஸ் கம்பி, அதன் மேல் நகரும் ஒரு சின்ன நாக்கு. பிரஷர் ஏறினால் தகடு உப்பி நாக்கைத் தள்ளும், ரெசிஸ்டன்ஸ் மாறும், கேஜ் அதை முள்ளாகக் காட்டும். வி.டி.ஓ. என்ற ஜெர்மன் கம்பெனி வகையில் பூஜ்யத்துக்கு 10 ஓம், முழு அளவுக்கு ஏறக்குறைய 180 ஓம். அமெரிக்க வகை தலைகீழ்: பூஜ்யத்துக்கு 240, முழுசுக்கு 33. ஒரு வகை கேஜுக்கு இன்னொரு வகை சென்சாரைப் போட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க முள் இறங்கும். சென்சார் வாங்கும் முன் மல்டிமீட்டரை வைத்து இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டியில் இருந்தது வி.டி.ஓ. வகை. அதில் சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டால் முள் உச்சிக்குப் போகும், ஒயர் பாடியில் தொட்டால் பூஜ்யத்துக்கு வரும். பெரியவர் இதை வைத்தே பாதியைக் கண்டுபிடித்துவிட்டார். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, வளைவில் கொஞ்சம் சாயும். சாயும்போது தோல் உரிந்த ஒயர் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவில் உள்ள தகடு) ஓட்டையின் விளிம்பைத் தொட்டிருக்கிறது. ஒன்பதாவது வளைவின் மர்மம் இவ்வளவுதான்: அரை அங்குலத்துக்கு உரிந்த ஒயர்.

லைட் போட்டால் இறங்கியதற்குக் காரணம் எர்த். சென்சார் இன்ஜின் பிளாக் வழியாக எர்த் எடுக்கிறது, கேஜ் பாடி வழியாக. இரண்டையும் இணைக்கும் எர்த் பட்டையில் துரு ஏறி, போல்ட்டும் தளர்ந்திருந்தது. லைட்டும் ஃபேனும் இழுக்கும் கரண்ட் ஆல்டர்னேட்டருக்குத் திரும்பும் வழியும் அதே பட்டைதான். அதனால் பாடிக்கும் பிளாக்குக்கும் இடையில் ஓரிரு வோல்ட் விழுந்தால், கேஜ் அதைக் குறைந்த பிரஷர் என்று படிக்கிறது. போதாக்குறைக்குச் சென்சார் மரையில் யாரோ வெள்ளை டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தார்கள். ஆயில் கசியாமல் இருக்கத்தான், ஆனால் அதே டேப் எர்த்தையும் தடுக்கும். எம்ஜிபியில் 1967 வரை பாசிட்டிவ் எர்த் வேறு, அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இருக்கும். முன்பு வைத்திருந்தவர் ஆல்டர்னேட்டர் போடும்போது நெகட்டிவுக்கு மாற்றியிருக்கிறார். இப்படிப் பல கை பட்ட ஒயரிங்கில் எதையும் நம்ப முடியாது.

ஒயரையும் எர்த்தையும் சரிசெய்ததும் முள் ஆடுவது நின்றது. ஆனால் நிற்கும் இடம் சரியா? அதற்கு உண்மையான பிரஷர் தெரிய வேண்டும். மாமா உற்சாகமாகத் தோப்புக்குப் போய், சொட்டுநீர் ஃபில்டரில் இருந்த கேஜைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். தென்னைக்குத் தண்ணீர் விடும் நம்மூர்க்காரர்கள் எல்லோருக்கும் பழகிய கேஜ்தான், 4 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அளவு. பெரியவர் சிரித்துக்கொண்டே கையில் வாங்கிக் கீழே வைத்தார். "குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகறப்ப 5 கிலோ தாண்டுமுங்க. முள்ளு வளைஞ்சு போகும்." ஒரு கிலோ என்பது 14.2 பவுண்ட். 4 கிலோ கேஜ் 57 பவுண்டோடு சரி. எம்ஜிபிக்கு ஓட்டத்தில் 50 முதல் 80 வரை, சூடான இன்ஜின் ஐடிலில் 10 முதல் 25 வரை என்பது மேனுவல் கணக்கு. 7 கிலோ கேஜ்தான் பொருத்தம்.

7 கிலோ கேஜை வைத்துப் பார்த்ததில் இன்ஜின் 62 தருகிறது, டேஷ்போர்டு 47 காட்டுகிறது. இன்ஜின் நன்றாக இருக்கிறது, சென்சார் தேய்ந்துவிட்டது. சேம்பரை இறக்கியிருந்தால் இரண்டு நாள் வேலையும் பாக்கிங் செலவும் வீண்.

இதே சோதனையில் நிஜமாகவே பிரஷர் குறைவு என்று தெரிந்தாலும் நேராகப் பேரிங்குக்குப் போக வேண்டியதில்லை. பிரஷர் அளவுக்கு மீறினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் ஒடிந்திருக்கலாம், வால்வு சீட்டில் ஒரு துளி அழுக்கு இருக்கலாம். எம்ஜிபியில் பிளாக்கின் பின்பக்கம் தொப்பி நட்டைக் கழற்றினால் வால்வு வந்துவிடும். ஆயில் குறைவாக இருந்து வளைவில் மட்டும் முள் விழுந்தால், சேம்பரில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் வாய் காற்றைக் குடிக்கிறது என்று அர்த்தம். கோவை செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்கில் ஓட்டுபவர்களைக் கேட்டால் இதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். முதலில் மாமா சொன்னபடி புதுச் சென்சார்தான் போட்டோம். வேலை சுலபம், பத்து நிமிடம். காருக்குள் ஆயில் வராது. எட்டு மாதம் நன்றாகவே ஓடியது. ஒருநாள் ஆயில் மாற்றும்போது, சேம்பர் காலியாகிச் சொட்டிக்கொண்டிருக்கிறது, ரேடியோவுக்காகச் சாவியைத் திருப்பினேன். முள் மெதுவாக எழுந்து 45-ல் போய் நின்றது. இன்ஜினில் ஆயிலே இல்லை, பிரஷர் 45!

உள்ளே நாக்கு சிக்கிக்கொண்டிருக்கிறது. என்றைக்குச் சிக்கியது என்று சொல்ல வழியில்லை. போன வாரமா, மூன்று மாதம் முன்பா? அதற்கு நடுவில் இரண்டு முறை கோத்தகிரி போய் வந்திருக்கிறோம். நல்ல 45-ஐப் பார்த்து நிம்மதியாக ஓட்டியிருக்கிறோம்.

என்னைப் பொறுத்தவரை முடிவு அங்கேதான். விலை, பொருத்தும் நேரம், அழகு எல்லாம் அப்புறம். பழுதானால் பழுதானது நமக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. எலக்ட்ரிக் கேஜ் மூன்று விதமாகப் பொய் சொல்கிறது: இல்லாத குறையைக் காட்டும், இருக்கும் குறையை மறைக்கும், அல்லது வண்டியில் வேறு எங்கோ இருக்கும் ஒயரிங் கோளாறை ஆயில் மேல் போடும். மூன்றையும் நாங்கள் ஒரே வண்டியில் பார்த்துவிட்டோம். அதில் நடுவில் சொன்னதுதான் இன்ஜினைக் கொல்லும்.

மெக்கானிக்கல் கேஜில் பொய்க்கு இடம் குறைவு. உள்ளே இருப்பது வளைந்த ஒரு பித்தளைக் குழாய். பிரஷர் ஏறினால் நிமிரப் பார்க்கும், பல்சக்கரம் அந்த அசைவை முள்ளுக்குக் கொடுக்கும். 1849-ல் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் பேடன்ட் எடுத்த அதே அமைப்புதான் இன்றும் பம்பு, பாய்லர், கம்ப்ரசர் எல்லாவற்றிலும். பேட்டரி, எர்த், ஃபேன் எதற்கும் அதோடு தொடர்பில்லை. இன்ஜினை அணைத்தால் முள் ஆணியில் வந்து உட்காரும். உட்காரவில்லை என்றால் கேஜ் கெட்டுவிட்டது என்று அந்த நொடியே தெரியும். எலக்ட்ரிக்கில் சாவியை அணைத்தால் பெரும்பாலும் நல்ல கேஜும் விழும், கெட்ட கேஜும் விழும்.

குழாய் உடைந்தால்? முழங்காலில் சூடான ஆயில் கொட்டும். அதை மறைக்க விரும்பவில்லை, குழாய் கேஜின் பெரிய குறை அதுதான். கவனிக்காமல் ஓட்டினால் சேம்பரும் காலியாகும். ஆனால் முழங்கால் சுடும்போது கவனிக்காமல் எப்படி ஓட்டுவது? எங்கள் கேஜில் ஒரு முறை கசிந்தது, கார்ப்பெட்டில் ஐந்து ரூபாய் அளவு கறை. வாசனையிலேயே தெரிந்துவிட்டது. குழாய் இணைப்பில் இருக்கும் ஃபெரூல் வளையத்தைக் கால் சுற்று இறுக்கினோம், நின்றது.

பராமரிப்பிலும் கொங்கு நாட்டில் குழாய் கேஜுக்குத் தனி வசதி உண்டு. பம்புசெட்டும் கம்ப்ரசரும் செய்யும் ஊர் இது. 7 கிலோ கேஜ் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தித் தருபவர் தெருவுக்கு ஒருவர். பம்பு கம்பெனிகளுக்காக கேஜ் காலிபரேஷன் செய்யும் இடங்கள் கோவையில் இருக்கின்றன. டெட் வெயிட் டெஸ்டரில் வைத்து, தெரிந்த எடையால் அழுத்தி, எங்கே எத்தனை பிசகு என்று எழுதியே தருவார்கள். எங்களுடையது 4 கிலோ பிரஷரில் அரைப் பவுண்ட் கூட வித்தியாசம் இல்லை. கார் சென்சாரை இப்படி எங்கே கொண்டுபோய்ச் சோதிப்பது?

பொருத்தும்போது நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். அடாப்டர் மரை 1/8 பி.எஸ்.பி.யா (பிரிட்டிஷ் அளவு), 1/8 என்.பி.டி.யா (அமெரிக்க அளவு) என்று முதலில் பாருங்கள். ஒன்றில் அங்குலத்துக்கு 28 மரை, மற்றதில் 27. இரண்டு மூன்று சுற்று ஏறும், அப்புறம் கடிக்கும். அங்கே பலம் காட்டினால் பிளாக்கின் மரை போய்விடும். எங்களுக்கு லேத் பட்டறையில் பித்தளையில் ஒன்று கடைந்து வாங்க வேண்டியிருந்தது. காப்பர் டியூபை நேராக இழுத்துக் கட்டக் கூடாது, அதிர்வில் இறுகி ஒடியும். நடுவில் இரண்டு சுருள் விட வேண்டும், அல்லது இன்ஜின் பக்கம் ஒரு சின்ன ஹோஸ் வேண்டும். நைலான் டியூப் மலிவு, ஆனால் எக்ஸாஸ்டில் பட்டால் உருகும். எம்ஜிபியில் எக்ஸாஸ்ட் இடது பக்கம், ஆயில் எடுக்கும் வாய் வலது பக்கம் என்பதால் தப்பித்தோம். வாயில் ஊசித் துளை போட்ட ஒரு ரெஸ்ட்ரிக்டர் வைத்தால் முள் நடுங்காது, டியூப் உடைந்தாலும் ஆயில் பீய்ச்சாமல் சொட்டும்.

விற்கும்போது விலை குறையுமா என்று மாமா கவலைப்பட்டார். இந்த வண்டி ஃபேக்டரியிலிருந்து வந்ததே ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் மெக்கானிக்கல் கேஜோடுதான். எலக்ட்ரிக்தான் இடையில் வந்தது.

என் அனுபவம் ஒரே ஒரு வண்டி, குழாயோடு இரண்டு வருடம், அவ்வளவுதான். இன்ஜின் பின்னால் இருக்கும் காருக்கு அத்தனை தூரம் ஆயில் குழாய் இழுக்கச் சொல்ல மாட்டேன். அங்கே நல்ல சென்சார், அதற்குத் தனி எர்த் ஒயர், கூடவே வருடத்துக்கு ஒரு முறை மெக்கானிக்கல் கேஜை வைத்து ஒத்துப்பார்ப்பது. முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: 1995 முதல் வந்தவற்றில் கேஜ் மாதிரி தெரிவது வெறும் சுவிட்ச்தான். பிரஷர் கொஞ்சம் இருந்தாலே முள் நடுவில் போய் நிற்கும். அது ஆடாததை நினைத்துச் சந்தோஷப்பட எதுவுமில்லை.

போன மாதம் டி ஜாயின்ட் போட்டு சிவப்பு லைட்டையும் சேர்த்துவிட்டோம், மாமா முள்ளைப் பார்க்க மறந்து பேசிக்கொண்டே ஓட்டுவார் என்பதால். தோப்பிலிருந்து கழற்றிய 4 கிலோ கேஜ் இன்னும் க்ளவ் பாக்ஸில்தான் கிடக்கிறது. அந்த ஃபில்டர் ஓட்டையில் அன்று அடித்த மரக்கட்டைதான் இன்றைக்கும் இருக்கிறது என்று அத்தை நேற்றுகூடக் கேட்டார்கள்.